இறக்கி வைத்த கைகள்

நேற்று சாயங்காலம் அவன் இறக்கி வைத்துவிட்டுப் போன கைகள், இன்று காலையில் மேலே தூக்கியபடி நின்றன.

தகரக் கொட்டகையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். டிராக்டரின் பின்பக்கம் கலப்பையை மாட்டித் தூக்குவதற்கென்று இருக்கும் இரண்டு இரும்புக் கைகள், நேற்று லீவரைக் கீழே தள்ளித் தரையை ஒட்டிப் படுக்க வைத்த அதே கைகள், இடுப்புக்கு மேலே ஏறி அரையிருட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. வெளியே மூன்று நாளாக மூட்டம் போட்டிருந்தது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. கூரைத் தகரம் காற்றுக்கு முனகியது. பழைய எண்ணெய், துரு, எலி வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாசனையும் மெலிசாக வந்தது. நன்றாகத் தெரிந்த வாசனைதான். என்னவென்று பிடிபடுவதற்குள் போய்விட்டது.

யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்தான். சட்டைப் பையைத் தொட்டான். சாவி அங்கேதான் இருந்தது. எஞ்சினில் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்று இருந்தது.

இருபத்தாறு வருஷமாக டிராக்டர் மெக்கானிக்காக இருக்கிறான். கிழட்டு டிராக்டர் என்றால் ஹைட்ராலிக் தகராறு இல்லாமல் இருக்காது. "ராத்திரி தூக்கி வெச்சேன், காலையில கீழ கிடக்குது" என்று எத்தனை பேர் வந்து அழுதிருக்கிறார்கள். எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கும், வால்வு கசியும், எண்ணெய் மெல்ல நழுவும், கை இறங்கிவிடும். அது உலக வழக்கம். இறங்கிய கை ஏற வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும், எஞ்சின் ஓடினால்தான் பம்ப் சுற்றும், பம்ப் சுற்றினால்தான் எண்ணெய் அழுத்தம் பிடித்துக் கையைத் தூக்கும். நிறுத்திய வண்டி தானாகக் கையைத் தூக்கியது என்று யாராவது சொல்லியிருந்தால் "போய்த் தண்ணியடிச்சது தெளிஞ்சப்புறம் வாய்யா" என்று விரட்டியிருப்பான்.

பயம் வர வேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. பதினொரு மாதமாக அவனுக்கு எதுவுமே சரியாக வருவதில்லை. கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாக்கு வெந்ததை மறுநாள்தான் கவனிக்கிறான். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால் விழிக்கிறான். "உனக்கென்ன, மரக்கட்டையா?" என்று அவன் மனைவி ஒரு நாள் உலுக்கியபோதும், ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

தங்கை இரண்டு கிளாஸ் டீயோடு வந்தாள். வாசலிலேயே நின்று டிராக்டரைப் பார்த்தாள்.

"என்னண்ணா, போலீஸ் பிடிச்ச மாதிரி கையைத் தூக்கிட்டு நிக்குது? நேத்து கெஞ்சிக் கூத்தாடினப்பத் தூக்க மாட்டேன்னுச்சு."

"நான்தான் தூக்கி வெச்சுட்டுப் போனேன்," என்றான்.

பொய் சொல்வதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தங்கை அதை நம்பினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு வேறு சாட்சி வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"இன்னைக்கு முடிஞ்சுடுமா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா எப்படி? இந்த மழைக்கு நான் உழுது விதைக்கலைன்னா அப்புறம் நிலத்தை யாருக்காவது விட்டுட்டு உன் வீட்டுத் திண்டாட்டத்துல நானும் ஒரு ஆளா வந்து சேர வேண்டியதுதான். அண்ணிக்குச் சந்தோஷமா இருக்கும்." சிரித்தாள். "ஓட்டக் கத்துக்கிட்டேன். ரிவர்ஸ் கூட வருது. நீ இதை மட்டும் தூக்க வெச்சுக் குடு."

புருஷன் போய்ப் பதினொரு மாதத்தில் அவள் மெலிந்திருந்தாள், உள்ளங்கை காய்த்திருந்தது, ஆனால் சிரிப்பு மட்டும் எப்படியோ திரும்பி வந்துவிட்டது. அவள் சிரிக்கும்போதெல்லாம் அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. டீயைக் குடித்தான். அவளும் போய்விட்டாள்.

நேற்று எண்ணெயைத் திறந்தபோது அது பால் கலந்த டீயைப்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் இறங்கிய எண்ணெய். வடித்து, அடியிலிருந்த சல்லடையைக் கழற்றி டீசலில் கழுவி, புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும், கைகள் திக்கித் திணறி ஏறின. இன்று பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தான். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பம்புக்கு ஒன்றுமில்லை. வால்வைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை, பிசிறு இல்லை. குற்றம் சொல்ல எதுவும் அகப்படவில்லை.

சாயங்காலம் கைகளை இறக்கினான். இறக்கிவிட்டு, தூக்கிய கலப்பை இறங்காமல் அடியில் நட்டு நிறுத்தும் முட்டுக்கட்டையை எடுத்து வந்து இரண்டு கைகளுக்கும் குறுக்கே படுக்க வைத்தான். முழங்கால் உயரம், இரண்டு கைப்பிடிக்குள் அடங்காத பருமன். நல்ல கடினமான மரம். கைகள் ஏறினால் கட்டை உருண்டு விழும், விழுந்த இடத்தைப் பார்த்தால் எப்படி ஏறியது என்று தெரியும். சின்னப் பிள்ளைத்தனமான யோசனைதான். செய்தான். கதவைப் பூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை கைகள் மேலே இருந்தன. கட்டை விழுந்திருக்கவில்லை.

சுவரோரம் நின்றது. துண்டு மாட்டும் ஆணிக்கு நேர் கீழே, நட்டக்குத்தலாக, லேசாகச் சுவரில் சாய்ந்து.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அந்த இடம் அவனுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அவனும் தங்கை புருஷனான மச்சானும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தூக்கிய கலப்பைக்கு அடியில் யார் போனாலும் தலையை உள்ளே விடுவதற்கு முன்னால் "முட்டு?" என்று கேட்க வேண்டும். மேலே இருப்பவன் கட்டை நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு "இருக்கு" என்று சொல்ல வேண்டும். காதால் கேட்டால்தான் மச்சான் தலையை உள்ளே விடுவான். அப்படி எத்தனை நூறு தடவை கேட்டிருப்பார்கள், எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பார்கள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை வாயில் தானாக வர ஆரம்பித்துவிட்டது. யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால் சாப்பிடாமலே "ஆச்சு" என்று சொல்வதில்லையா, அப்படி.

அன்று அவன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு தோலைக் காலடியில் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் தரையிலிருந்து மச்சான், "முட்டு?" என்றான். வாய் நிறையக் கடலையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருக்கு" என்று சொன்னான். கட்டை அந்தச் சுவரோரம், ஆணிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தது.

கலப்பை இறங்கிய சத்தம் பெரிதாகக்கூட இல்லை. எண்ணெய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். மச்சான் கத்தவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் சொல்ல முடியாதது. லீவரை இழுத்துக் கலப்பையைத் தூக்கினான். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மச்சானைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறம், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், சுவரோரம் போய்க் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, கலப்பைக்குப் பக்கத்தில், நழுவி விழுந்ததுபோல் சாய்த்துப் போட்டான். சிதறிக் கிடந்த கடலைத் தோலையெல்லாம் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். அதன் பிறகுதான் தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

சீல் கிழிந்து எண்ணெய் பீறிட்டது, முட்டும் நழுவிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். தங்கை அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "நீயாவது தப்பிச்சியே" என்று அழுதாள். அந்த நிமிஷத்திலிருந்துதான் அவனுக்கு மரத்துப்போனது.

இப்போது கட்டை சுவரோரம் நின்றது. அருகே போக அவனுக்குக் கால் வரவில்லை. கொட்டகைக்குள் அந்த வாசனை நேற்றைவிடக் கனமாக இருந்தது. இன்று அது என்னவென்று தெரிந்தது. மணலில் வறுத்த கடலை.

"மச்சான்," என்றான் மெதுவாக. "நீயா?"

கூரை முனகியது. மச்சான் என்றால் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. மச்சானிடம் பேசிவிடலாம். காலைக்கூடப் பிடிக்கலாம். உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாத ஆள், செத்த பிறகு மட்டும் என்ன செய்துவிடப் போகிறான்?

"நீதான்னா சொல்லு மச்சான். ஏதாவது செய். நான் வாங்கிக்கிறேன்."

ஒன்றும் நடக்கவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. மச்சான் அங்கே இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் தெரியுமே, அந்த மாதிரி. ஆனால் கொட்டகை காலியாகவும் இல்லை.

வேலை செய்தால் சரியாகிவிடும் என்று வேலையில் இறங்கினான். சீட்டுக்கு அடியிலிருக்கும் கனமான மேல் மூடியைச் சங்கிலி போட்டுத் தூக்கி, சிலிண்டரைத் திறந்து, பிஸ்டனை வெளியே எடுத்தான். பதினொரு மாதமாகக் கிழிந்த சீல், கிழிந்த சீல் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அந்தக் கிழிசலைக் கண்ணால் பார்த்ததுபோலவே அவனுக்கு ஆகிவிட்டிருந்தது. கட்டை விஷயத்தில் சொன்னது பொய். சீல் விஷயம் மட்டுமாவது உண்மையாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான். வேறு எதனால் கலப்பை இறங்கியிருக்கும்?

துணியால் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தால் சுற்றிலும் நெருடிப் பார்த்தான்.

சீல் முழுசாக இருந்தது. போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி.

அதைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணினான். பம்பு நன்றாக இருக்கிறது. வால்வு நன்றாக இருக்கிறது. சீல் நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கும் ஹைட்ராலிக் தானாக இறங்காது. லீவரை இறக்கினால்தான் இறங்கும்.

மறுபடி எல்லாவற்றையும் மாட்டி மூடி, கைகளை இறக்கிவிட்டுக் கிளம்பியபோது இருட்டிவிட்டது. மூன்றாவது நாள் காலையிலும் அவன் வருவதற்குள் கைகள் ஏறியிருந்தன. ஆணிக்குக் கீழே கட்டை நின்றது. அவன் அதைத் தொடவே இல்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். லீவர் வலது தொடைக்குப் பக்கத்தில் இருந்தது. தண்ணீர்க் கேன் எப்போதும் தொங்குவது வலது மட்காட்டின் கொக்கியில். கடலை தின்றால் தாகமெடுக்கும், அன்றும் எடுத்தது. கேனை எடுப்பவன்போல் வலது பக்கம் சாய்ந்து பார்த்தான்.

தொடை லீவரில் இடித்தது. டிக்கென்று லீவர் ஒரு பல் கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். டிக், டிக், டிக். பின்னால் எண்ணெய் பெருமூச்சு விட்டது, கைகள் இறங்கின.

அவனுக்கு அழுகை வர வேண்டும். வாயைத் திறந்து பார்த்தான், காற்றுதான் வந்தது. குனிந்தபோது காலடித் தகட்டில் ஏதோ நெரிபட்டது. காலை எடுத்துப் பார்த்தான். கடலைத் தோல். பழையது இல்லை. உடைத்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

அன்று மத்தியானம் தங்கையும் அவனுமாகக் கலப்பையைப் பின்னால் மாட்டினார்கள். எஞ்சினை ஓட விட்டு லீவரை மேலே இழுத்தான். மண்ணைக் கிழிக்கும் ஒன்பது கொழு வைத்த கனமான கலப்பை, ஒரு திணறலும் இல்லாமல் எழுந்து நின்றது. கொழு நுனி நிற்கும் உயரத்தைப் பக்கத்துத் தூணில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கோட்டிலிருந்து ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

"அடேங்கப்பா! புதுசு கணக்கா நிக்குதே!" தங்கை கைதட்டினாள். "உன் கைராசி எங்கயும் போகலண்ணா. நீதான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரியுற."

வெளியே வானம் கரி பிடித்த சட்டியாகக் கறுத்திருந்தது. பகலிலேயே கொட்டகைக்குள் ஆள் முகம் மங்கியது. முதல் தூறல் தகரத்தில் விழ ஆரம்பித்தது.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். நாளை அவள் வண்டியை எடுத்துப் போய்விடுவாள். இந்தக் கலப்பைக்கு அடியில் அவள்தான் இனிக் குனிந்து போகப்போகிறாள். வண்டியில் கோளாறு இல்லை பாப்பா, கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூன்று நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பயமாக இருந்தது, அவள் முகம் மாறப்போவதை நினைத்து.

அவள் சுவரோரம் போய்க் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருக்கேன்."

"என்ன?"

"இதுலேர்ந்துதானே கலப்பை நழுவுச்சு? அவ்ளோ கனம் உட்கார்ந்து நழுவுனா மரத்துல ஒரு பள்ளம் இருக்காதா? சும்மா ஒரு கீறலாவது?" கட்டையின் தலையில் விரலை ஓட்டினாள். "வழுவழுன்னு இருக்கு. பள்ளமும் இல்ல, கீறலும் இல்ல."

தூறல் வலுத்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. கணக்கு புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல், பதில் வரும் என்று பார்த்தாள்.

"நல்ல மரம் பாப்பா," என்றான். "சீக்கிரம் பள்ளம் விழாது."

"ஓ." தலையாட்டினாள். "அப்படியா." கட்டையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

முடிந்தது. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கலப்பையின் மேல் கம்பியில் கடைசியாக மாட்ட வேண்டிய இரும்புப் பின்னை எடுத்தான். கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டான். எப்போதும் செய்வதுதான்.

"அண்ணா, அடியில சொட்டுது பாரு."

சல்லடை மூடியிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்க வேண்டும்.

"நீ இரு, நான் பாக்குறேன். நீ குனிஞ்சா நிமிர நாலு ஆள் பிடிக்கணும்." ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். சாக்கைக் கலப்பைக்குப் பின்னால் தரையில் விரித்தாள்.

பல்லில் பின் இருந்ததால் அவன் கையை மட்டும் உயர்த்தி இரு, இரு என்று காட்டினான். முட்டு வைக்க வேண்டும். இந்தத் தடவை வைக்க வேண்டும். சுவரோரம் போனான். குனிந்து கட்டையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். தான் கை காட்டியதை அவள் பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கவில்லை. சாக்கில் மல்லாந்து படுத்திருந்தாள். பாதங்கள் அவனைப் பார்த்து நீட்டியிருந்தன, தலை கொழுக்களுக்கு அருகே இருந்தது. புருஷன் சொல்லிக் கொடுத்திருந்தான் போலிருக்கிறது. தலையை உள்ளே விடாமல் நிறுத்தி, கேட்டாள்.

"அண்ணா, முட்டு?"

"இருக்கு."

அவன் சொல்லவில்லை.

அவன் பல்லுக்கு நடுவே இரும்புப் பின் இருந்தது. அதன் குளிர் நாக்கில் இருந்தது. உதடு அசையவில்லை. குரல் டிராக்டர் சீட்டிலிருந்து வந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், அலட்சியமாக. பதினொரு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அவன் கேட்கும் அதே ஒரு வார்த்தை.

மச்சானின் குரல் இல்லை.

அவனுடைய குரல்.

தங்கை குதிகாலை ஊன்றி உந்தினாள். சாக்கு சரசரத்தது. தலை உள்ளே போனது. தோள் போனது. மார்பு போனது.

சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது. ஒரு ஆள் கனத்துக்கு. காலடித் தகட்டில் ஒரு கடலைத் தோல் விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

கத்தினான். இரும்புப் பின் பல்லிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையில் குரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அது அங்கே, சீட்டில் இருந்தது.

ஐந்து எட்டு வைத்தால் போய்விடும் தூரம். ஓட வேண்டும். காலுக்குச் சொன்னான். கால் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே மரத்துக் கிடந்தது. இடுப்பு வரை மரத்துக்கொண்டு வந்தது.

அடியிலிருந்து ஸ்பேனர் போல்ட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் சிரிப்பு.

"என்னண்ணா, தனியாக் கடலை தின்னுறியா? மெல்லுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. எனக்கும் ரெண்டு வை."

சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

மெல்ல, வலது பக்கமாகச் சாய்ந்தது. தாகமெடுத்தவன் சாய்வதுபோல். மட்காட்டின் கொக்கியில் தண்ணீர்க் கேன் லேசாக ஆடியது.

டிக்.

பதினொரு மாதத்துக்குப் பிறகு அவன் நாக்குக்கு ருசி தெரிந்தது. வறுத்த கடலை. உப்புக்கூடத் தெரிந்தது.

டிக். டிக்.

எண்ணெய் பெருமூச்சு விட்டது. சுண்ணாம்புக் கோட்டைவிட்டுக் கொழு நுனிகள் இறங்கின. அவள் இடது பாதத்திலிருந்து செருப்பு கழன்று சாக்கில் விழுந்தது.

கட்டை அவன் இரண்டு கைகளுக்குள் இருந்தது.